ஒரு புள்ளியும் ஒரு திசையும்

தாராவியில் புதுச் சுவர் எழுப்ப வரும் கொத்தனார் முதலில் செய்வது என்ன? செங்கல்லைத் தொடுவதற்கு முன்பே அவர் இரண்டு முளைகளை அறைந்து, அவற்றினிடையே ஒரு நூலை இழுத்துக் கட்டுகிறார். நூல் விறைப்பாக நின்ற அந்தக் கணமே சுவரின் போக்கு முடிவாகிவிடுகிறது. பிறகு அடுக்கப்படும் ஒவ்வொரு கல்லும் அந்த நூலுக்குக் கட்டுப்பட்டதே. நேராக இருப்பதை 'நூல் பிடித்தாற்போல்' என்று நாம் சொல்லுவது இதனால்தான். மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனுடைய நூலையும், மனத்தின் கோணலைத் தீர்க்கும் ஏட்டையும் நம் மொழி ஒரே பெயரால் அழைப்பதன் பொருத்தத்தை நன்னூலாசிரியர் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

கொத்தனாருடைய நூலை மண்ணில் கட்டாமல் எழுத்தில் கட்ட முடியுமா? முடியும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் பயிலும் நம் பிள்ளைகளின் பாடநூலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. திசையன்களைக் கொண்டு நேர்கோட்டின் சமன்பாட்டை எழுதுதல் என்பது அதன் பொருள். பல வீடுகளில் அந்த அத்தியாயம் மனப்பாடமாகவே கழிந்துபோகிறது. பிள்ளை ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ பயில்கிறான். ஊரில் தமிழில் படித்த தாயும் தந்தையும், 'இது நமக்கு எட்டாதது' என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்க வேண்டியதில்லை என்பதே இப்பேச்சின் கருத்து. அந்த ஒற்றை வரிக்கு முன்னூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றின் ஒரு பகுதி இந்த மும்பை மாநகரத்திலேயே, தமிழகத்திலிருந்து வந்த இரண்டு இளைஞர்களால் எழுதப்பட்டது.

நேர்கோட்டை எண்ணாக மாற்றும் கலை பிரான்ஸ் நாட்டில் தோன்றியது. 1637ஆம் ஆண்டு டேக்கார்ட் என்னும் தத்துவ ஞானி வடிவ கணிதத்தையும் இயற்கணிதத்தையும் இணைத்து ஒரு நூலை வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஃபெர்மா என்னும் வழக்கறிஞரும் தனியே அதே வழியில் சென்றார். இரண்டு அறியாக் கணியங்களைக் கொண்ட முதற்படிச் சமன்பாடு எதுவாயினும் அது ஒரு நேர்கோட்டையே குறிக்கும் என்று தெளிவுபடக் காட்டியவர் அவரே. ஆனால் அவர் எழுதியது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1665இல் அவர் மறைந்தார். கட்டுரை 1679இல்தான் வெளிவந்தது.

இவர்கள் காட்டிய வழி சிறந்ததே. ஆயினும் அதில் இரண்டு குறைகள் இருந்தன. ஒரு சாலை கிழக்கே இவ்வளவு போனால் வடக்கே எவ்வளவு ஏறுகிறது என்பதைச் சாய்வு என்று சொல்கிறோம். வடக்குத் தெற்காக மட்டுமே ஓடும் சாலைக்குக் கிழக்கு நோக்கிய நகர்வே இல்லை. ஆதலின் அதற்குச் சாய்வு என்று ஓர் எண்ணைச் சொல்ல இயலாது. அதற்கு மட்டும் தனி விதி வேண்டியிருந்தது. இது முதற்குறை. தாளைவிட்டு வெளிக்கு வந்தால் இரண்டாவது குறை புலப்படும். கிழக்கு, வடக்கு என்பவற்றோடு உயரமும் சேரும்போது, ஒரே ஒரு முதற்படிச் சமன்பாடு கோட்டைக் குறிக்காது. ஒரு தளத்தைக் குறிக்கும். வானில் செல்லும் ஒரு நேர்கோட்டைச் சொல்ல இரண்டு தளங்களைச் சொல்லி, 'இவை வெட்டிக்கொள்ளும் இடம்' என்று சுற்றி வளைக்க வேண்டும். நேரான பொருளுக்கு நேரான சொல் இல்லை!

ஆனால் நிலத்தை அளப்பவர்கள் அந்த நேரான சொல்லைச் செயலில் கண்டிருந்தனர். அதற்கு நம் சென்னையே சான்று. 1802ஆம் ஆண்டு லாம்டன் என்னும் படை அதிகாரி பரங்கிமலைக்கு அருகே, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை நூறு அடி எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியப் பெரு முக்கோண அளவைக்கு அதுவே அடிப்படை ஆயிற்று. சங்கிலியால் அளந்தது அடிக்கோட்டை மட்டுமே. பிறகு கோட்டின் ஒரு முனையில் தியோடலைட்டுக் கருவியை நிறுத்தித் தொலைவிலுள்ள குன்றின் உச்சியைப் பார்த்துத் திசையைக் குறித்துக்கொள்வார்கள். மறுமுனைக்குச் சென்று அதே உச்சியின் திசையைக் குறித்துக்கொள்வார்கள். இரண்டு புள்ளிகள், இரண்டு திசைகள். ஆகவே இரண்டு நேர்கோடுகள். அவை வெட்டும் இடமே குன்றின் உச்சி. யாரும் அதன்மேல் ஏறிச் சங்கிலி பிடிக்காமலே அதன் இடம் தெரிந்துவிடும். ஒரு புள்ளியும் ஒரு திசையும் தெரிந்தால் கோடு முழுவதும் கைக்கு வந்துவிடும் என்பதை நில அளவையாளர் நன்கு அறிந்திருந்தனர். அதை ஒரே வரியில் எழுதும் மொழிதான் அப்போது பிறக்கவில்லை.

அம்மொழி பிறந்த கதை சுவையானது. 1843ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் கால்வாய்க் கரையோரமாக ஹாமில்டன் என்னும் கணித அறிஞர் தம் மனைவியுடன் நடந்து சென்றுகொண்டிருந்தார். வெளியிலுள்ள திசைகளை எண்களைப் போலப் பெருக்கும் வழியை அவர் பல ஆண்டுகளாகத் தேடிவந்தார். பிரௌம் பாலத்தை நெருங்கும்போது விடை பளிச்சென்று தோன்றியது. அவர் அதைக் கத்தியால் பாலத்தின் கல்லிலே கீறி வைத்தார். நான்கு கூறுகளைக் கொண்ட புதிய எண்கள் அவை. அவற்றில் ஒரு கூறு வெறும் அளவு. எஞ்சிய மூன்றும் சேர்ந்து வெளியில் ஒரு திசையைக் காட்டுவன. திசையும் அளவும் உடைய அப்பகுதிக்கு அவர் 'வெக்டர்' என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் 'சுமந்து செல்வது' என்பது அதன் பொருள்.

இச்சொல்லைத் தமிழர் எவ்வாறு வழங்குகின்றனர் என்பதைச் சற்றே கவனியுங்கள். தமிழகத்தில் திசையன் என்றும், வெக்டர் என்றும் எழுதுகிறோம். மராத்தியிலும் இந்தியிலும் சதிஷ் என்பர். திசையோடு கூடியது என்று பொருள். நம் திசையனும் அதுவும் ஒரே கருத்தில் பிறந்தவை. ஆனால் இலங்கைத் தமிழர்களின் பாடநூல்களில் அதற்குக் 'காவி' என்று பெயர். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடி என்ற சொல்லிலும் அந்தக் காவுதல் இருக்கிறது. திசையன் என்ற சொல் அது எப்பக்கம் நோக்குகிறது என்று சொல்கிறது. காவி என்ற சொல்லோ அது செய்யும் தொழிலைச் சொல்கிறது. ஒரு புள்ளியைத் தோளில் ஏற்றி இன்னோர் இடத்தில் கொண்டு சேர்ப்பதே அதன் தொழில். ஹாமில்டன் மனத்தில் இருந்த பொருளும் இதுவே. நேர்கோட்டுக்கும் இதுவே திறவுகோல்.

ஹாமில்டனுக்கு அடுத்த ஆண்டே, 1844இல், ஸ்டெட்டின் என்னும் ஊரில் கிராஸ்மன் என்பவர் ஒரு நூலை வெளியிட்டார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. கிராஸ்மன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், பள்ளி ஆசிரியர். திசையுடைய அளவுகளைக் கூட்டுவது, பெருக்குவது, அவற்றை மூன்று பரிமாணங்களில் நிறுத்தாமல் எத்தனை பரிமாணங்களுக்கும் விரிப்பது ஆகிய அனைத்தும் அந்நூலில் இருந்தன. ஆனால் படிப்பார் இல்லை. விற்காமல் கிடந்த படிகளைப் பதிப்பகத்தார் பின்னாளில் கழிவுத் தாளாக்கிவிட்டனர். 1862இல் அவர் அதைத் திருத்தி மீண்டும் எழுதினார். அப்போதும் வரவேற்பு இல்லை. மனம் சலித்தாரா? இல்லை; மொழியாராய்ச்சியின் பக்கம் திரும்பினார். ரிக் வேதத்துக்கு அவர் தொகுத்த அகராதி 1873 முதல் வெளிவந்தது. வடமொழி ஆராய்ச்சியாளர்கள் அதை இன்றும் எடுத்துப் பார்க்கின்றனர். கணிதத்தில் தமக்கு உரிய புகழைக் காணாமலே 1877இல் அவர் மறைந்தார். இன்று உலகெங்கும் கல்லூரி முதலாண்டில் கற்பிக்கப்படும் திசையன் வெளிகளின் கணிதத்துக்கு அந்தப் பள்ளி ஆசிரியரே முன்னோடி.

ஹாமில்டனுடைய எண்கள் ஆழமானவை. ஆனால் அன்றாட வேலைக்குச் சற்றுச் சிக்கலானவை. அமெரிக்காவில் கிப்ஸ் என்னும் பேராசிரியரும், இங்கிலாந்தில் ஹெவிசைடு என்பவரும் தனித்தனியே அவற்றை எளிமையாக்கினர். ஹெவிசைடு தந்தி அலுவலகத்தில் பணிபுரிந்தவர். கல்லூரி வாசலை மிதியாமல் தாமே கற்றவர். கிப்ஸ் தம் மாணவர்களுக்காக 1881லும் 1884லும் ஒரு சிறு கைந்நூலை அச்சிட்டு வழங்கினார். பழைய முறையைப் போற்றியவர்கள் இதைக் கடுமையாக எள்ளினர். 1890களில் அறிவியல் இதழ்களில் இது பற்றி வசைமொழிகளும் கலந்த விவாதம் நடந்தது. முடிவில் எளிமையே வென்றது. கிப்ஸின் மாணவர் வில்சன் 1901இல் வெளியிட்ட பாடநூல் வழியாகத் திசையன்கள் உலகெங்கும் பரவின. நம் பிள்ளைகளின் புத்தகத்திலுள்ள குறியீடுகள் பெரும்பாலும் அந்த மரபில் வந்தவையே.

இனி அந்தச் சமன்பாட்டை நாமே எழுதிப் பார்ப்போம். நமக்குப் பழகிய ஊர்களையே எடுத்துக்கொள்வோம். தாதர் நிலையத்தில் நின்றுகொண்டு கிழக்கே எத்தனை கிலோமீட்டர், வடக்கே எத்தனை கிலோமீட்டர் என்று ஒவ்வோர் இடத்தையும் குறிப்பதாகக் கொள்ளுங்கள். முழு எண்ணாக்கிச் சொன்னால், மத்திய இருப்புப்பாதையிலுள்ள மாட்டுங்கா நிலையம் தாதருக்குக் கிழக்கே 1, வடக்கே 1. செம்பூர் நிலையம் கிழக்கே 6, வடக்கே 5. மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குப் பறவை பறக்கும் வழியில் ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும்.

முதலில் புள்ளி. மாட்டுங்காவை எடுத்துக்கொள்வோம், அது (1, 1). தாதரிலிருந்து நம்மை மாட்டுங்காவுக்குச் சுமந்து வரும் இத்திசையனை அ என்போம். அடுத்தது திசை. மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குச் செல்லக் கிழக்கே எவ்வளவு? ஆறிலிருந்து ஒன்று போக 5. வடக்கே எவ்வளவு? ஐந்திலிருந்து ஒன்று போக 4. ஆகவே (5, 4) என்பது நம் திசை. இதைத் தி என்போம். கோட்டின் மீதுள்ள எந்தப் புள்ளியையும் ப என்றும், ஏதேனும் ஓர் எண்ணை எ என்றும் வைத்துக்கொண்டால், நேர்கோட்டின் சமன்பாடு இதுதான்:

ப = அ + எ தி

அதாவது, 'புள்ளியில் நில். அத்திசையில் எ மடங்கு நட.' இவ்வளவே. எ என்னும் எண்ணைப் பாடநூல்கள் துணையலகு என்று அழைக்கின்றன. அதை மாற்ற மாற்றக் கோட்டின் மீது வெவ்வேறு இடங்கள் கிடைக்கும். எ சுழியானால் மாட்டுங்காவிலேயே நிற்கிறோம். எ ஒன்றானால் செம்பூர். எ அரையானால் கிழக்கே 3.5, வடக்கே 3. இது சயானுக்குக் கிழக்கே, இரண்டு ஊர்களுக்கும் நட்டநடுவிலுள்ள இடம். எ இரண்டானால் செம்பூரையும் தாண்டித் தாணேக் கழிமுகத்துச் சதுப்பு நிலத்தின் பக்கம் சென்றுவிடுவோம். எ குறை ஒன்று ஆனால்? திசையைப் புறங்காட்டிப் பின்னோக்கி நடக்கிறோம். கிழக்கே குறை 4, வடக்கே குறை 3. அது வொர்லிக் கரைக்கு அப்பாலுள்ள அரபிக் கடல்! கோடு கடலையும் பொருட்படுத்துவதில்லை. இருபுறமும் முடிவின்றிச் செல்கிறது.

பழைய சமன்பாடு இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கிழக்குத் தொலைவைக் கி என்றும், வடக்குத் தொலைவை வ என்றும் கொண்டால், கி = 1 + 5எ; வ = 1 + 4எ. முதல் வரியை நான்காலும் இரண்டாம் வரியை ஐந்தாலும் பெருக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எ மறைந்துவிடும். எஞ்சுவது 4கி − 5வ + 1 = 0. மாட்டுங்காவை இட்டுப் பாருங்கள்: நான்கில் ஐந்து போய் ஒன்று சேர, சுழி. செம்பூரை இட்டுப் பாருங்கள்: இருபத்து நான்கில் இருபத்தைந்து போய் ஒன்று சேர, சுழி. இரண்டும் பொருந்துகின்றன.

நாம் முன்பு கண்ட குறைகள் என்ன ஆயின? வடக்குத் தெற்குச் சாலையா? அதன் திசை (0, 1), அவ்வளவே, தனி விதி எதுவும் தேவையில்லை. உயரமும் சேர வேண்டுமா? புள்ளிக்கும் திசைக்கும் மூன்றாவது எண் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும். சமன்பாட்டின் வடிவம் மாறுவதே இல்லை. வெளியில் இரண்டு கோடுகள் வெட்டுகின்றனவா என்பதையும் இதைக் கொண்டே காணலாம். இருப்புப்பாதையின் குறுக்காக மேலே செல்லும் பாலத்தை எண்ணிப் பாருங்கள். கீழே ஓடும் தண்டவாளமும் மேலே செல்லும் பாலமும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. அவை இணையாகவும் இல்லை. இத்தகைய கோடுகளை ஒருதளம் அமையாக் கோடுகள் என்பர். அவற்றின் இடையே உள்ள மிகக் குறைந்த தொலைவைக் கணக்கிட்டால்தான் பாலத்தின் அடியில் இரயில் வண்டி தட்டாமல் செல்லுமா என்று பொறியாளர் சொல்ல இயலும்.

இந்தச் சமன்பாட்டில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு மாணவன் மாட்டுங்காவிலிருந்து தொடங்கி (5, 4) என்ற திசையில் எழுதுகிறான். இன்னொருவன் செம்பூரிலிருந்து தொடங்கி (−10, −8) என்ற திசையில் எழுதுகிறான். புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'என் விடை தவறு' என்று இரண்டாமவன் அடித்துவிடுகிறான். தவறே இல்லை! இரண்டும் ஒரே கோடுதான். கோட்டின் மீதுள்ள எந்தப் புள்ளியும் தொடக்கப் புள்ளியாகலாம். திசையை எத்தனை மடங்காக்கினாலும், புரட்டினாலும், கோடு மாறாது. சோதிக்கும் வழி எளிது. முதலில், இரண்டு திசைகளும் ஒன்றன் மடங்கு மற்றொன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; இங்கே குறை இரண்டு மடங்கு. அடுத்து, ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து மற்றதற்குச் செல்லும் வழியும் அதே திசையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே அது (5, 4), ஆகவே இருக்கிறது. முதற்சோதனை மட்டும் தேறினால் அவை இணைகோடுகள். இரண்டும் தேறினால் ஒரே கோடு.

நேயர்களே, இதுவரை சொன்னவை டப்ளினிலும் ஸ்டெட்டினிலும் நடந்தவை. இனி பம்பாய்க்கு வருவோம்.

1953ஆம் ஆண்டு, சென்னை இலயோலாக் கல்லூரியில் கணிதம் பயின்ற இரண்டு இளைஞர்கள் பம்பாய்க்கு ஆராய்ச்சி மாணவர்களாக வந்து சேர்ந்தனர். ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்ரி. மற்றவர் வடார்க்காட்டுச் சிற்றூரான தண்டரையில் பிறந்த நரசிம்மன். இருவரும் 1932இல் பிறந்தவர்கள். அவர்களுக்குத் திசை காட்டியவர் இலயோலாவில் கணிதம் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் ராசின் அடிகள். பாரிஸில் பெரும் கணித மேதைகளிடம் பயின்றவர் அவர். பழைய பாடத்திட்டத்துக்குள் அடங்கிவிடாமல், ஐரோப்பாவில் அப்போது மலர்ந்துகொண்டிருந்த புதுக் கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

அவர்கள் சேர்ந்த இடம் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம். ஹோமி பாபா 1945இல் நிறுவிய அக்கழகம், அக்காலத்தில் கேட்வே ஆஃப் இந்தியாவை அடுத்த பழைய படகுக் கழகக் கட்டடத்தில் இயங்கி வந்தது. கொலாபாக் கடற்கரையிலுள்ள இன்றைய கட்டடம் 1962இல்தான் நேரு அவர்களால் திறந்து வைக்கப்பட்டது. கணிதப் பிரிவை உருவாக்கியவர் சந்திரசேகரன். உலகின் தலைசிறந்த கணித அறிஞர்களை அவர் பம்பாய்க்கு வரவழைத்தார். வந்தவர்கள் தங்கிச் சொற்பொழிவாற்றுவார்கள். அவற்றைக் குறிப்பெடுத்து நூலாக எழுதும் பொறுப்பு இளம் மாணவர்களுடையது. கேட்டு எழுதி முடிப்பதற்குள் அப்பொருளில் மாணவர் தேர்ச்சி பெற்றுவிடுவார்.

அந்த இளைஞர்கள் எடுத்துக்கொண்ட பொருள், நாம் இப்போது கண்ட திசையனின் வழித்தோன்றலே. அதைத் திசையன் கற்றை என்று சொல்லலாம். ஒரு சிறு தாள் துண்டை எடுத்து, அதன் இரு முனைகளையும் நேராக ஒட்டுங்கள். ஒரு வளையம் கிடைக்கும். இன்னொரு துண்டை எடுத்து, ஒரு முனையை ஒரு முறை புரட்டிவிட்டு ஒட்டுங்கள். முறுக்கிய வளையம் கிடைக்கும். இரண்டிலும் நடுவட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் குறுக்காக ஒரு சிறு நேர்கோடு நிற்கிறது. அருகில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் குறுக்குக் கோட்டின் மீது ஓர் அம்பை வைத்து, அதை ஏந்திக்கொண்டு வட்டத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முதல் வளையத்தில் அம்பு புறப்பட்டபடியே திரும்பி வரும். இரண்டாவதில் தலைகீழாகத் திரும்பி வரும். ஒவ்வொரு புள்ளியிலும் இப்படிக் கோடோ, தளமோ, அதனினும் பெரிய திசையன் வெளியோ நிற்கும் அமைப்பே திசையன் கற்றை. வேற்றுமை இருப்பது எந்த ஓர் இடத்திலும் அன்று. சுற்றி வரும் வழியிலேதான்.

தட்டையான வெளியின் மீது இயற்கணித முறையில் அமையும் கற்றைகளில் இத்தகைய முறுக்கு இருக்க முடியுமா என்ற வினாவை 1955இல் பிரெஞ்சு அறிஞர் செர் எழுப்பினார். தளத்தைப் பொறுத்தவரை முறுக்கு இராது என்று 1958இல் நிறுவியவர் சேஷாத்ரி. எல்லாப் பரிமாணங்களுக்குமான விடை 1976இல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் குவில்லனும் சோவியத் நாட்டில் சுஸ்லினும் தனித்தனியே அதைக் கண்டனர்.

பின்னர் சேஷாத்ரியும் நரசிம்மனும் சேர்ந்து செய்த பணி இன்னும் பெரியது. உளுந்து வடையின் மேற்பரப்பை எண்ணிப் பாருங்கள். அதற்கு ஒரு துளை. இரண்டும் அதற்கு மேலும் துளைகள் உடைய பரப்புகளின் மீது திசையன் கற்றைகள் எண்ணற்ற வகையில் அமையும். அவற்றுள் நிலைப்புடையவை என்று தனியே பிரித்தறியத்தக்க நல்ல வகை ஒன்று உண்டு. துளைகளைச் சுற்றியுள்ள வழிகளில் ஒரு திசையனை ஏந்திச் சென்று, அது நீளம் மாறாமல் எவ்வாறு திரும்பி வருகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டால், அந்தக் கற்றைகளை முழுமையாக அறிந்துவிடலாம் என்பதே அவர்கள் நிறுவிய தேற்றத்தின் சாரம். 1965இல் அது வெளிவந்தது. நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் என்று உலகம் அதை அழைக்கிறது. 1983இல் டொனால்ட்சன் என்னும் ஆங்கில இளைஞர் அதற்குப் புதிய நிறுவல் ஒன்றைக் கண்டார். அடிப்படைத் துகள்களை ஆராயும் இயற்பியலோடும் அதற்கு உறவு ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டு மன்னர் ஃபைசல் பரிசை நரசிம்மனும் டொனால்ட்சனும் பகிர்ந்துகொண்டனர். சேஷாத்ரி 1984இல் சென்னைக்குத் திரும்பி, பின்னர் அங்கே சென்னைக் கணிதக் கழகத்தை உருவாக்கினார். கருநாடக இசையிலும் தேர்ந்தவர். 2020இல் அவரும், 2021இல் நரசிம்மனும் மறைந்தனர்.

இந்நகரத்துத் தமிழர் வரலாற்றைப் பேசும்போது நாம் பலவற்றை நினைவுகூர்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த தோல் பதனிடுவோரைச் சொல்கிறோம். மாட்டுங்காவில் குடியேறி அலுவலகங்களில் எழுத்தராகவும் தட்டெழுத்தராகவும் பணிபுரிந்தோரைச் சொல்கிறோம். 1932இல் மாட்டுங்காவில் கல்விச் சங்கம் கண்டு பள்ளி நடத்தியோரைச் சொல்கிறோம். செம்பூரில் வீடு அமைத்து இசை அரங்கும் கோவிலும் எழுப்பியோரைச் சொல்கிறோம். அந்த வரிசையில், படகுக் கழகக் கட்டடத்தின் ஓர் அறையில் தாளும் பென்சிலும் கொண்டு உழைத்த அவ்விரு இளைஞர்களையும் சேர்த்துச் சொல்லுவது நம் கடமை. தாராவிச் சந்திலோ செம்பூர் அடுக்ககத்திலோ அமர்ந்து கணக்கோடு மல்லாடும் பிள்ளைக்கு, தன் புத்தகத்திலுள்ள அந்த வரி தன் நகரத்தில், தன் மொழி பேசியோர் கையில் வளர்ந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் அது அயலார் வீட்டுப் பண்டம் என்ற அச்சம் நீங்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பாடத்தை எந்த மொழியில் பிள்ளை படித்தாலும், வீட்டில் அவனிடம் தமிழில் கேளுங்கள்: 'எந்தப் புள்ளியில் நிற்கிறாய்? எந்தத் திசையில் போகிறாய்? எத்தனை மடங்கு?' இம்மூன்று வினாக்களுக்கும் அவன் விடை சொல்லிவிட்டால் சமன்பாட்டை எழுதிவிட்டான் என்றே பொருள். உங்கள் தொடக்கப் புள்ளி திருநெல்வேலியாக இருக்கலாம். அவனுடையது தாராவியாக இருக்கலாம். இருவரும் எழுதும் வரிகள் வெவ்வேறாகத் தோன்றும். ஒரே கோடுதானா என்று சோதிக்கும் வழியை முன்பே கண்டோம். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, இன்றிரவே மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் இடையே அந்த நூலை ஒருமுறை இழுத்துக் கட்டிப் பாருங்கள்.